எதிர்வீட்டுப் புங்கமரம்

உக்காருங்கண்ணே. அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், இந்த மர நாற்காலியை இழுத்துப் போட்டுக்கங்க. பொண்ணு விஷயமா ஒரு வார்த்தை பேசணும்னு ஆரம்பிச்சீங்க பாருங்க, அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு. எங்க வீட்டு மணியை அடிக்கிறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் எதிர்வீட்டு மரத்தடியில உக்காந்து மோர் குடிச்சீங்க. நான் ஜன்னல்ல நின்னு பார்த்துகிட்டுத்தான் இருந்தேன். அந்த வீட்டுப் பொண்ணு சங்கரியை உங்க பையனுக்குப் பார்க்குறீங்க. அக்கம்பக்கத்துல நாலு வார்த்தை விசாரிச்சிட்டுப் போகலாம்னு வந்திருக்கீங்க. நல்ல காரியம்தான். விசாரிக்காம யாராவது பொண்ணு எடுப்பாங்களா?

இருங்க, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், நானே சொல்றேன். பையனுக்கு நீங்க என்ன வேணும்? தாய்மாமனா. அப்ப சரி. இதுக்கெல்லாம் தாய்மாமன்தான் சரியான ஆளு. என் பேரு மங்கையர்க்கரசி. திருச்சியில இந்த நகர்ல வீடு கட்டி வந்து பன்னெண்டு வருஷம் ஆகுது. எந்த வீட்டுல இன்னைக்கு என்ன குழம்புன்னு வாசல்ல நின்னே சொல்லிடுவேன். ஆனா ஒண்ணுண்ணே, நான் யாரையும் குறை சொல்ற ஆள் இல்ல. உள்ளதைச் சொல்லுவேன், அவ்வளவுதான்.

முதல்ல நீங்க நுழைஞ்சு வந்த அந்த ஆர்ச்சைப் பாருங்க. குனிஞ்சு வந்தீங்களே, அதேதான். இது மாதிரி ரெண்டு கலர்ல போகன்வில்லா இந்தத் தெருவுல மட்டுமில்ல, இந்த நகர்லயே கிடையாது. ஒரே செடியில ஒரு பக்கம் ரோஸ், ஒரு பக்கம் வெள்ளை. ஒட்டுச் செடி. எதிர்வீட்டு அம்மா இதைக் காயிதப்பூன்னு சொல்லும். காயிதமாம். திருநெல்வேலிப் பக்கத்து ஆளு, அதுக்கு என்ன தெரியும்? கார்ல போறவங்க வண்டியை நிறுத்தி இது முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டுப் போறாங்க. எதிர்வீட்டு மரத்து முன்னாடி எவனாவது நின்னு போட்டோ எடுப்பானா? நீங்களே சொல்லுங்க.

கையில என்ன ரத்தம்? முள்ளு கீறிடுச்சா. அது ஒண்ணும் இல்ல, மஞ்சப்பொடி வெச்சா நின்னுடும். முள்ளு இல்லாம பூ எங்க இருக்கு?

அன்னைக்கு நடந்ததைச் சொல்றேன், கேளுங்க. ரெண்டு வீட்டுக்கும் ஒரே தை மாசத்துலதான் பால் காய்ச்சினோம். காவேரிக் கரையிலேர்ந்து ஒரு நர்சரி வண்டி வந்து இங்க நின்னுச்சு. நான் அந்த வண்டியில ஏறி நின்னு, இருக்கிற செடியெல்லாம் புரட்டிப் பார்த்து இதை எடுத்தேன். எதிர்வீட்டு மீனாட்சிநாதன் கீழயே நின்னுகிட்டு, மூலையில வாடிக் கிடந்த ஒரு புங்கங்கன்னைக் காட்டி, "அதைக் குடுங்க, யாரும் எடுக்க மாட்டாங்க போல"ன்னாரு. நர்சரிக்காரரே சிரிச்சுட்டாரு. அவரு வீட்டம்மா உலகம்மை அதைப் பச்சைப்பிள்ளை மாதிரி இடுப்புல வெச்சுகிட்டுப் போச்சு. எனக்கு அன்னைக்கே தெரியும், இவங்களுக்கு ரசனை கிடையாதுன்னு.

நாற்காலியைக் கொஞ்சம் இப்படி நகர்த்திக்கங்கண்ணே, வெயில் கால்ல விழுது. பதினோரு மணியாச்சுன்னா இந்தப் பக்கம் வந்துடும். போகன்வில்லாவுக்கு வெயில் வேணும். அதனாலதான் நாங்க பக்கத்துல ஒண்ணும் வைக்கலை. வாசலுக்கு இடப்பக்கம் ஒரு வேப்பங்கன்னு தானா முளைச்சு வந்துச்சு, அதையும் வெட்டிட்டேன். இந்தச் செடியை வளர்க்கிறதுக்கு ஒரு பக்குவம் இருக்கு. கேக்குதேன்னு தண்ணி ஊத்தக் கூடாது. ஊத்தினா இலையாத் தழைக்கும், பூ வராது. நல்லாக் காயப் போட்டு, வாடித் தொங்குற நேரத்துல ஒரு சொம்பு காட்டணும். அப்பத்தான் பயந்துகிட்டுப் பூக்கும். அப்புறம் தலையைத் தூக்குற கிளையை எல்லாம் கத்திரிச்சுகிட்டே இருக்கணும். பொண்ணு வளர்க்கிறதும் அப்படித்தான். எங்க வான்மதியை அப்படித்தான் வளர்த்தேன். இருபத்தொம்பது வயசு ஆகுது, இன்னைக்கும் என் முன்னாடி ஒரு வார்த்தை கூடப் பேச மாட்டா. மாடி ரூம்லதான் இருக்கா, வீட்டிலேர்ந்தே கம்பெனி வேலை. வீட்டுல ஒரு ஆள் இருக்கிறதே தெரியாது.

அவங்க வீட்டுப் பொண்ணு அப்படியா? சங்கரி சிரிச்சா தெருக்கோடி வரைக்கும் கேக்கும். மத்தியானம் ரெண்டு மணிலேர்ந்து நாலு மணி வரைக்கும் நான் கொஞ்சம் கண்ணசருவேன். அந்த நேரம் பார்த்துத்தான் மரத்தடியில ரெண்டு பொண்ணுங்க சிரிக்கிற சத்தம் வரும். ஒண்ணு சங்கரி. இன்னொண்ணு எவளோ. சங்கரியாவது பரவாயில்ல, அந்த இன்னொருத்தி இருக்காளே, கொல்லுன்னு சிரிப்பா, மூச்சு முட்டச் சிரிப்பா. எந்த வீட்டுக் கழுதைன்னு இன்னைய வரைக்கும் கண்டுபிடிக்க முடியல. பெத்தவ கண்டிச்சு வளர்த்திருந்தா இப்படிச் சிரிப்பாளா?

சேர்க்கை சரியில்லண்ணே அங்க. அந்த மரத்தடியை ஒரு நாள் நின்னு பார்த்தீங்கன்னா தெரியும். இஸ்திரி வண்டி அங்கதான் நிக்கும். கீரைக்காரி கூடையை இறக்கி வெச்சா, ஒரு மணி நேரம் எந்திரிக்க மாட்டா. கேஸ் சிலிண்டர் போடுறவரு, தபால்காரர், கரண்ட் ரீடிங் எடுக்க வர்ற அம்மா எல்லாரும் அங்கதான். "வெயில்ல நிக்கீங்களே, இங்கன வந்து உக்காருங்க"ன்னு உலகம்மை ஒவ்வொருத்தரையா இழுக்கும். ஒரு நாளைக்கு ரெண்டு பானை மோர் கரைக்குதுண்ணே. சும்மா எதுக்கு ஒருத்தி ஊருக்கெல்லாம் மோர் ஊத்துவா? நாளைக்குக் கவுன்சிலருக்கு நிக்கப் போறாங்க, வேற என்ன.

போன வருஷம் கீரைக்காரி மயக்கம் வந்து விழுந்துட்டா. தூக்கிப் படுக்க வெச்சு, முகத்துல தண்ணி அடிச்சு, சங்கரியே வண்டியில உக்கார வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போச்சு. வேலைக்கு லீவு போட்டுட்டுண்ணே. வயசுப் பொண்ணு, கீரைக்காரியைப் பிடிச்சுகிட்டு நடுரோட்டுல போறா. நான் இந்த ஆர்ச்சுகிட்ட நின்னு பார்த்துகிட்டு இருந்தேன். உங்க வீட்டுக்கு வந்தா அங்கயும் இப்படித்தான் இருப்பா. பின்னால என்னைச் சொல்லக் கூடாது.

எங்க வீட்டுக்காரரை எடுத்துக்கங்க. அந்த மரத்தடியில முண்டா பனியனோட பேப்பர் படிச்சுகிட்டு உக்காந்திருக்காரே, அவருதான், பேரு தாயுமானவன். தெரியுமா? பேசிகிட்டுத்தான் இருந்தீங்களா? ஆமா, அவரு எவன் கிடைச்சாலும் பேசுவாரு. ரிட்டயர் ஆன மறுநாள் காலையில பேப்பரை எடுத்துகிட்டு அங்க போனவருதான். சாப்பாட்டுக்கு வருவாரு, படுக்க வருவாரு. ஏங்க, நம்ம வீட்டுல இவ்வளவு அழகா பூ பூத்துக் கிடக்குதே, இதுகிட்ட உக்காரக் கூடாதான்னா, "அங்க உக்காந்தாத்தான் நம்ம பூ நல்லாத் தெரியுது"ங்கிறாரு. அது என்னவோ நிஜந்தான். அவருக்குக் கொஞ்சம் ரசனை உண்டு.

சரி, மரத்துக்கு வரேன். மாசி மாசம் மொத்த இலையும் கொட்டும். எங்க கொட்டும்? காத்து இந்தப் பக்கமாத்தானே அடிக்குது, எங்க வாசல்ல கொட்டும். பங்குனியில தளிர் விட்டு ஊரே குடை பிடிச்ச மாதிரி நிக்கும். சித்திரையில பூ. அந்தப் பூவைப் பூவுன்னே சொல்ல முடியாது, பொரி கொட்டின மாதிரி தரையெல்லாம் கிடக்கும். தலையில வைக்க முடியுமா, சாமிக்குப் போட முடியுமா? என்ன, எங்க பூவையா? எங்க பூவையும் தலையில வைக்கிறதில்லதான், சாமிக்கும் போடுறதில்லதான். அது வேறண்ணே. இது பார்க்கிறதுக்கு. வாசனையும் கிடையாது. வாசனை இருந்தா வண்டு வரும், பூச்சி வரும். நான் எதையும் யோசிச்சுத்தான் செய்வேன்.

இன்னும் கொஞ்சம் தள்ளிக்கங்க. செவுத்தோரமா, அப்படி. தோள்ல வெயில் அடிக்குது பாருங்க. மேல தகரம் போட்டிருக்கோம், அதான் கொஞ்சம் புழுங்கும்.

இலை கொட்டுறது, பூ கொட்டுறது, அதெல்லாம் நான் பொறுத்துக்குவேன். என் வயித்தெரிச்சல் வேற. எங்க வான்மதிக்கு இதுவரைக்கும் ஆறு வரன் வந்துச்சு. எல்லாம் தரகர் மூலமா, எனக்குப் போன் பண்ணிட்டு, முறைப்படி கார்ல வந்து இறங்கினவங்க. ஒருத்தர் கூடத் திரும்பி ஒரு பதில் சொல்லல. எம்.எஸ்ஸி. படிச்ச பொண்ணு, லட்சணமா இருப்பா, இந்தச் செடி முன்னாடி நிக்க வெச்சு எடுத்த போட்டோவைப் பார்த்துட்டு அத்தனை பேரும் ஆசையாத்தான் வர்றாங்க. வந்துட்டுப் போனா கிணத்துல கல்லு போட்ட மாதிரி. எனக்கு ராத்திரி தூக்கம் வர்றதில்லண்ணே. அவ வயசுப் பொண்ணுங்க எல்லாம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிகிட்டு இருக்காங்க. அவ முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமா இருக்கு.

எல்லாத்துக்கும் காரணம் அந்த மரம்தான். கரூர்லேர்ந்து ஒரு குடும்பம் வந்துச்சு. இதே மாதிரி சித்திரை மாசம், இதே இடத்துலதான் உக்கார வெச்சேன், பூவு தெரியட்டும்னு. அல்வா, பஜ்ஜி, காபி எல்லாம் சூடாக் குடுத்தேன். நாங்க எதிர்பார்க்குறது என்ன, எங்க பொண்ணை எப்படி வெச்சுக்கணும், மாசத்துல எத்தனை நாள் இங்க அனுப்பணும், எல்லாத்தையும் நானே தெளிவா எடுத்துச் சொன்னேன். ஒரு மணி நேரம் சொல்லியிருப்பேன். பையனோட அப்பாவுக்கு வேர்த்து ஊத்துச்சு. "கொஞ்சம் காத்தாட நின்னுட்டு வந்துடுறோம்"னு ஒவ்வொருத்தரா எந்திரிச்சு எதிர்ல மரத்தடிக்குப் போனாங்க. போனவங்க போனவங்கதான். கார் அங்கேயிருந்தே கிளம்பிப் போச்சு. அந்தப் பத்து நிமிஷத்துல உலகம்மை என்ன ஓதுச்சோ, யாருக்குத் தெரியும்?

துறையூர்க்காரங்க கதையும் அதேதான். பையனோட அம்மா புதுப் பட்டுப்புடவை கட்டிகிட்டு வந்துச்சு. ஆர்ச்சுல முள்ளு மாட்டி முந்தானை கிழிஞ்சுபோச்சு. பார்த்து வரக் கூடாதாம்மா, கிளை உடைஞ்சிருச்சுன்னா என்ன பண்றதுன்னு கேட்டேன். அது ஒரு தப்பா? அந்த அம்மாவையும் எதிர்வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய், உலகம்மை ஊசி நூல் எடுத்துத் தைச்சுக் குடுத்துச்சாம். தைக்கும்போது சும்மாவா தைச்சிருக்கும், என் பொண்ணைப் பத்தி நாலு வார்த்தை சேர்த்துத்தான் தைச்சிருக்கும். அன்னையிலேர்ந்து அந்த வீட்டு வாசப்படி மிதிக்கிறதில்லன்னு இருக்கேன். நாலு வருஷம் ஆச்சு.

சும்மா விடுவேனா நான்? உங்ககிட்டச் சொன்னா என்ன, நீங்க வெளியாளு. மரத்துக்குப் பெருங்காயம் வெச்சா பட்டுப்போகும்னு எங்க ஊர்ப் பக்கம் சொல்லுவாங்க. ஓட்டை போட்டு வைக்கணுமாம். ஓட்டை போட நான் என்ன ஆசாரியா? போன வருஷம் தை மாசம் கட்டிப் பெருங்காயம் வாங்கி, வெந்நீர்ல கரைச்சு, வாசல் தெளிக்கிற வாளியில ஊத்தி எடுத்துகிட்டேன். விடியக்காலம் கோலம் போடுற நேரம். ஒரு கையில வாளி, ஒரு கையில கோலப்பொடி டப்பா. எவன் சந்தேகப்படுவான்? ரோட்டைத் தாண்டி மரத்து வேர்ல ஊத்திட்டு, வந்து கோலத்தைப் போட்டுட்டு உள்ள போயிடுவேன். பதினோரு நாள் ஊத்தினேன். தெருவே கமகமன்னு இருந்துச்சு. எங்க வீட்டுக்காரரு எந்திரிச்சு வந்து, "யார் வீட்டுல இந்நேரத்துக்கே ரசம் வைக்கிறாங்க"ன்னு கேட்டாரு.

என்ன ஆச்சா? அதை ஏன் கேக்குறீங்க. அதுவரைக்கும் இல்லாத பூவு அந்தச் சித்திரையில பூத்துச்சு. இந்த வருஷம் அதுக்கு மேல. பெருங்காயம் பூக்கிறதுக்குத்தான் போடுவாங்களாம், தோட்டக்காரங்க வாய்க்கால் தண்ணியில துணியில முடிஞ்சு போட்டு விடுவாங்களாம், பிஞ்சு உதிராம இருக்கிறதுக்கு. இஸ்திரிக்காரரு எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லி, அவரு என்கிட்டச் சொல்றாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? மனசு ஆறாம மிச்சம் இருந்ததை நம்ம செடிக்கு ஊத்திப் பார்த்தேன். பதினஞ்சு நாள்ல இலையெல்லாம் பழுத்துக் கொட்டிடுச்சு. அந்த மரம் என் செடியைப் பார்த்துக் கண்ணு வெச்சிருக்கு. இப்பத்தான் ஒரு மாதிரித் தேறி வருது.

ஏன் இருமுறீங்க? தண்ணி கொண்டாரவா? வேண்டாமா. நாற்காலியை ஆர்ச்சுகிட்டயே போட்டுக்கங்க, வேற இடம் இல்ல. தலையை மட்டும் பார்த்துக்கங்க, முள்ளு.

அதனால நான் சொல்றது என்னன்னா, சங்கரி உங்களுக்குச் சரிப்பட்டு வர மாட்டா. நாலு பேர் கூடச் சிரிச்சுப் பேசிப் பழகின பொண்ணு. வீட்டுக்கு வர்றவங்களை எல்லாம் உக்கார வெச்சுகிட்டு இருப்பா. யோசிச்சுக்கங்க.

போனை எதுக்கு எடுக்குறீங்க? பொண்ணு போட்டோவா? காட்டுங்க, நானும் பார்க்குறேன். கண்ணாடி இங்கதான் வெச்சேன், இருங்க. ம். அதே மரம்தான். இதுதான் அது அடியில போட்டிருக்கிற சிமெண்ட் பெஞ்சு. கீழ பூவு எப்படிக் கொட்டிக் கிடக்குது பாருங்க, கூட்டக் கூட மாட்டாங்க. பொண்ணு நல்லாத்தான் இருக்கா. மடியில கம்ப்யூட்டரை வெச்சுகிட்டு, தலையை அண்ணாந்து, வாய் நிறையச் சிரிக்கிறா. சங்கரி மாதிரி இல்லையே. கொஞ்சம் பெரிசு பண்ணுங்க.

இது எங்க வான்மதி.

எங்க வான்மதிண்ணே இது. அந்தச் சுடிதார் நான் எடுத்துக் குடுத்தது. இவ எப்ப அங்க போனா? மாடியில இல்ல இருக்கா? மத்தியானம் நான் படுத்ததுக்கப்புறமா. அப்ப அந்த இன்னொரு சிரிப்பு.

இருங்க. கொஞ்சம் இருங்க. இப்படிச் சிரிப்பான்னு எனக்குத் தெரியாதுண்ணே. இருபத்தொம்பது வருஷமா என் கூட இருக்கா. இந்த வீட்டுல இவ இப்படிச் சிரிச்சு நான் ஒரு நாள் கூடப் பார்த்ததில்ல.

என்ன சொல்றீங்க? நீங்க வந்ததே வான்மதிக்குத்தானா? உலகம்மையோட சொந்தக்காரங்களா நீங்க? இந்த வரனை அந்த அம்மாதான் சொல்லிவிட்டுச்சா? ஜாதகத்தை எங்க வீட்டுக்காரரே குடுத்தாரா? பொருத்தமெல்லாம் பார்த்தாச்சா? பையனுக்கும் போட்டோ பிடிச்சிருக்கா? எல்லாம் அந்த மரத்தடியிலேயே நடந்து முடிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் ஒண்ணும் தெரியல.

என்னைப் பத்தி அங்க என்ன சொன்னாங்க? பரவாயில்ல, சொல்லுங்க. "அம்மா கொஞ்சம் வெடுக்குனு பேசுவாங்க, மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டாங்க. அவங்க சம்மதம் இல்லாம எதுவும் செய்யக் கூடாது, நேர்ல போய்க் கேட்டுட்டு வாங்க"ன்னா? உலகம்மையா அப்படிச் சொல்லுச்சு? என்னைப் பத்தியா? துறையூர்க்காரங்ககிட்டயும், கரூர்க்காரங்ககிட்டயும் இதைத்தான் சொன்னாங்களா? அப்ப அவங்க ஏன் திரும்பி வரலை?

நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

எந்திரிச்சிட்டீங்களே அண்ணே. போறீங்களா? நான் பேசினதை எல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. எனக்கு வாய் அப்படி. அவ என்னை மாதிரி இல்ல, அவங்க அப்பா மாதிரி. சங்கரியும் நல்ல பொண்ணுதான், கீரைக்காரியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதுல ஒரு தப்பும் இல்ல. தயவு செஞ்சு உக்காருங்க, முதல்லேர்ந்து பேசுவோம். நாற்காலியை எங்க போடலாம்? இங்கயும் வெயில் வந்துடுச்சு. அங்கயும் வந்துடுச்சு.

போகலையா? வெயில்தானா? எதிர்ல உக்காந்து பேசலாங்கிறீங்களா? எல்லாரும் அங்க காத்துகிட்டு இருக்காங்களா? நானுமா?

நாலு வருஷம் ஆச்சு அந்த வாசலை மிதிச்சு. உலகம்மை முகத்தை எப்படிப் பார்க்குறது? என் பொண்ணு வாழ்க்கை அங்க உக்காந்திருக்கு, வரத்தான் வேணும். வரேன். ஒரே ஒரு விஷயம்ண்ணே, கும்பிட்டுக் கேட்டுக்கிறேன். அந்தப் பெருங்காயம் சமாச்சாரம் சொன்னேன் பாருங்க, அதை மட்டும் அங்க வாய் தவறிக் கூடச் சொல்லிடாதீங்க. மானம் போயிடும்.

ஏன் சிரிக்கிறீங்க? தெரியுமா? யாருக்கு, உலகம்மைக்கா? அன்னைக்கே தெரியுமா? கோலப்பொடி எங்க வாசல்லேர்ந்து மரம் வரைக்கும் சிந்திக் கிடந்துச்சா? "எதிர்வீட்டு அக்கா என் மரத்துக்குப் பதினோரு நாள் பெருங்காயம் ஊத்துனாங்க, அவங்க கைராசிதான் இப்படிப் பூக்குது"ன்னு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிகிட்டு இருக்கா அவ?

சரி, நடங்க. நான் வாசக்கதவைச் சாத்திட்டு வரேன். ரோடு கொதிக்கும், இருங்க, குடையை எடுத்துக்கிறேன். வேண்டாம் விடுங்க, நாலு எட்டுதானே. அங்க எதுக்குக் குடை.